மணல் காத்த திராட்சைக் கொடி

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர்களுக்குக் கொள்ளிடத்து மணலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓரடி தோண்டுவதற்குள் ஓரம் சரிந்து குழி தூர்ந்துவிடும். ஸ்பெயினில் நூறு வயது தாண்டிய வெள்ளைத் திராட்சைக் கொடிகள் இன்னும் காய்ப்பதற்கு மணலின் இந்தக் குணம்தான் காரணம்.

1860-களில் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குள் புகுந்த ஃபிலாக்செரா என்ற பூச்சி, மண்ணுக்குள் ஊர்ந்துபோய் வேரைத் தாக்கித் தோட்டம் தோட்டமாக அழித்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் தங்கள் கொடியை ஒட்டுக் கட்டித்தான் ஐரோப்பிய விவசாயிகள் மீண்டார்கள். செகோவியா மாகாணத்து நியேவா ஊர்ப் பக்கம் மணல் நிலம். பூச்சி நகர வழியில்லை. அதனால் வெர்தெஹோ என்ற உள்ளூர் ரகத்தின் பழங்கொடிகள் அங்கே சொந்த வேரிலேயே நிற்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைப் பந்தலை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. முறுக்கேறிய குட்டைக் கட்டை, தரையை ஒட்டித் தளிர்விடும்.

முதிய கொடியில் குலை குறைவு. பழத்தில் சாரம் அதிகம். ஆழமாக இறங்கிய வேர் வறட்சியையும் தாங்கும். நியேவா அடங்கிய ருவேதா ஒயின் வட்டாரத்தில் 'கிரான் வினோ' என்று தனித் தரமே உண்டு. கொடிக்கு 30 வயது கடந்திருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 6,500 கிலோவுக்கு மேல் பறிக்கக் கூடாது. விளைச்சலுக்கு உச்சவரம்பு வைக்கும் இந்த விதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனாலும் வயது மட்டுமே ஒயினை நல்லதாக்காது. பறிக்கும் பக்குவமும் வடிப்பவரின் கையும் சேர வேண்டும்.

திருச்சி வெயிலுக்கு இந்த ஒயினை ஐஸ்போலக் குளிரவைத்துக் குடிக்கத் தோன்றும். வேண்டாம், மணம் செத்துப்போகும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வெளியே வையுங்கள். முதலில் சோம்பு வாசம் எழும், பிறகு எலுமிச்சையின் புளிப்பு. விழுங்கிய பின் நார்த்தங்காய்த் தோல் போல மெல்லிய கசப்பு நாக்கில் தங்கும். முதிய கொடியின் ஒயினில் அந்தக் கசப்பு நெடுநேரம் நிற்கும். சோம்பு அரைத்துச் சேர்த்த மீன் வறுவலோடு நன்றாகப் பொருந்தும். மிளகாயை மட்டும் குறையுங்கள்.

யவனர் கப்பலில் கொண்டுவந்த மதுவை அருந்தி மகிழும்படி பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்திய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. இன்று நமக்கு விமானம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் 2 லிட்டர் மது வரியின்றிக் கொண்டுவரலாம். குடிக்கும் பழக்கம் உள்ளவர்கள், சிங்கப்பூரிலிருந்து உறவினர் வரும்போது விஸ்கிக்குப் பதிலாக லேபிளில் 'வெர்தெஹோ', 'கிரான் வினோ தெ ருவேதா' என்று இருக்கும் பாட்டில் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்.