ஹவானா நகரத்துத் தரிசு மனைகளில் காய்கறிப் பயிர்

தரிசு என்றதும் கிராமப் புறம்போக்கே பெரும்பாலோர் நினைவிற்கு வரும். பட்டணங்களிலும் தரிசு உண்டு. கட்டடம் இடிந்த மனையும், குப்பை கொட்டும் திடலும், பாதையோரத் துண்டு நிலமும் யாருக்கும் பயனின்றிக் கிடப்பதைக் காணலாம். இத்தகைய இடங்களைக் கியூபா தேசத்தின் தலைநகராகிய ஹவானா விளைநிலமாக்கிய விதம் மிராசுதாரர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறியத்தக்கது.

கியூபா தேசம் சோவியத் யூனியனுக்குச் சர்க்கரை விற்று, எண்ணெய், இரசாயன உரம், பூச்சி மருந்து, தானியம் ஆகியவற்றைப் பெற்று வந்தது. 1991-ஆம் வருஷத்தில் அந்த யூனியன் கலையவே, இவ்வரவு பெரும்பாலும் நின்றுபோயிற்று. டிராக்டருக்கும் லாரிக்கும் எண்ணெய் அகப்படவில்லை. ஏறக்குறைய 20 லட்சம் ஜனங்கள் வசிக்கும் நகரத்தில் உணவு அருகியது. வண்டிச் சத்தம் இல்லாமல், உண்பவர் இருக்குமிடத்திலேயே பயிரிடுவதன்றி வேறு வழியில்லையாயிற்று.

நகர மனைகளின் மண்ணில் சுண்ணாம்பும் செங்கல் துண்டும் மிகுந்திருக்கும். ஆகையால் அதனைத் திருத்த முயலாமல், கல், பலகை, ஓடு முதலியவற்றால் விளிம்பு கட்டி, மக்கின எருவும் நல்ல மண்ணும் கலந்து நிரப்பி மேட்டுப் பாத்திகள் அமைத்தனர். இவ்வகைத் தோட்டத்திற்கு ‘ஒர்கனோபோனிக்கோ’ என்று பெயர். கீரை, முள்ளங்கி, தக்காளி முதலியன பயிராகின்றன. மண்புழு எரு இடுவதும், பூச்சிகளைத் தடுக்கச் சோளத்தையும் துலுக்கச் செவ்வந்தியையும் ஓரங்களில் நடுவதும் வழக்கம். இந்தியாவில் நன்கறிந்த வேம்பும் அங்கு வளர்க்கப்பட்டுப் பூச்சி மருந்தாகப் பயன்பட்டது. 1997-ல் அலமார் என்னும் புறநகரில் தொடங்கிய கூட்டுறவுத் தோட்டம் பிற்பாடு ஏறக்குறைய 25 ஏக்கராக விரிந்தது. விளைபொருள் தோட்டத்து வாயிலிலேயே விலையாயிற்று.

இங்கு முக்கியமாகக் கவனிக்க வேண்டியது நிலத்தின் பாத்தியதை. நாளை பறிபோகும் மனையில் எவனும் இன்று எருவிடான். அங்கே நிலம் சர்க்காருடையதாகவே இருக்க, அநுபோக உரிமை மட்டும் உழுபவனுக்கு அளிக்கப்பட்டது. பயிரிடாது போட்டால் அவ்வுரிமை போய்விடும். நாடு முழுவதிலுமுள்ள சர்க்கார் தரிசுகளுக்காக 2008-ல் பிறந்த சட்டம், நிலமற்ற ஒருவருக்கு 13.42 ஹெக்டேர், அதாவது சுமார் 33 ஏக்கர் வரை, 10 வருஷத்திற்கு அநுபோகமாகக் கொடுக்கவும் பின்னர் நீட்டிக்கவும் இடம் தந்தது.

இம்முறையால் எல்லாக் குறையும் தீர்ந்ததென்று எண்ணலாகாது. காய்கறி கிடைத்ததேயன்றி, அரிசியும் கோதுமையும் வெளிநாட்டிலிருந்தே வர வேண்டியிருந்தது. மேட்டுப் பாத்திக்கு எரு ஏராளமாக வேண்டும். தண்ணீரும் தவறாது வேண்டும்.

ஆகவே தரிசு மனையைப் பயிருக்கு விட எண்ணும் உத்தியோகஸ்தர்கள் முதலில் நிச்சயிக்க வேண்டியவை மூன்று: பயிரிடுவோனுக்கு எத்தனை வருஷ உரிமை, தண்ணீர் எங்கிருந்து, எரு எவ்வளவு. குப்பையும் சாணமும் வீணாகும் ஊர்களில் மூன்றாவதற்குப் பஞ்சமில்லை. முதலாவதை எழுத்து மூலம் உறுதி செய்து கொடுத்தால், மற்ற இரண்டையும் தேடிக்கொள்ளக் குடியானவன் தயங்கமாட்டான்.