சுடுமண் குண்டுகளில் பழந்துணி

ஏஜியன் கடலைச் சூழ்ந்த தேசங்களில் வெண்கல யுகத்து மக்கள் நெய்து உடுத்திய கம்பளியும் ஆளிநார்த் துணியும், மண்ணின் ஈரத்திலே மக்கி, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில நைந்த துணுக்குகளைத் தவிர முற்றும் அழிந்துபோயின. கிரீட் தீவின் நோசஸ் அரண்மனையில் அகப்பட்ட களிமண் ஏடுகளோ, ஏறத்தாழ 1,00,000 ஆடுகளையும் அவற்றின் உரோமத்தையும் கணக்கெழுதி வைத்திருக்கின்றன. அத்தனை உரோமமும் மெல்லிய துணியாயிற்றா, தடித்த துணியாயிற்றா என்பதற்கு இன்று நம் கைக்கு எட்டும் பிரத்தியட்ச சாட்சி, தறியிலே கட்டித் தொங்கவிட்ட சுடுமண் குண்டுகள்.

நம் குழித்தறியில் பாவு கிடையாக ஓடுகிறது. அவர்களுடைய தறியோ சுவரோரம் சாய்த்து நிறுத்திய சட்டம். மேல்விட்டத்திலிருந்து இறங்கும் பாவு நூல்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டி, ஒவ்வொரு கொத்தின் அடியிலும் ஒரு குண்டைத் தொங்கவிட்டு விறைப்பேற்றுவார்கள். ஊடையை மேல்நோக்கித் தட்டி நெருக்குவதால் துணி மேலிருந்து கீழாக வளரும். இத்தகைய தறி நார்வேயில் அண்மைக்காலம் வரை வழக்கிலிருந்ததை ஆராய்ந்து மார்த்தா ஹோஃப்மன் என்ற அம்மையார் 1964-இல் நூலாக வெளியிட்டிராவிடில், மண்ணில் புதைந்த உபகரணத்தை உயிருள்ள கைகளோடு பொருத்திப் பார்க்கும் பாக்கியம் பின்வந்தோர்க்கு எளிதிற் கிட்டியிராது.

கோபன்ஹேகன் சர்வகலாசாலையில் 2005-இல் தோன்றிய துணி ஆராய்ச்சி நிலையத்தார், பழைய குண்டுகளைப் போலவே புதியன செய்து, கைதேர்ந்த நெசவாளரைக் கொண்டு நெய்வித்துப் பார்த்தனர். குண்டின் எடை எத்தனை நூல்களை இழுத்துப் பிடிக்கலாம் என்பதையும், அதன் தடிப்பு அந்நூல்கள் எவ்வளவு அகலத்திலே பரவும் என்பதையும் நிர்ணயிக்கின்றன என்று அப்பரிசோதனைகளால் தெளிவாயிற்று. உதாரணமாக, 150 கிராம் எடையும் 2 சென்டிமீட்டர் தடிப்பும் உள்ள குண்டொன்றில், நூலுக்கு 10 கிராம் இழுப்பே போதுமான மெல்லிய இழைகள் 15 கட்டலாம். முன்னும் பின்னுமாகக் குண்டுகள் இரு வரிசையில் தொங்குவதால், சென்டிமீட்டருக்கு 15 இழை கொண்ட நெருக்கமான துணி கிடைக்கும். 30 கிராம் இழுப்பு வேண்டும் தடித்த நூலாயின், அதே குண்டில் 5 இழைக்குமேல் கட்ட இயலாது. சென்டிமீட்டருக்கும் 5 இழையே தேறும். குண்டு இன்ன துணியென்று ஒன்றைச் சுட்டிக் கூறுவதில்லை; எது நெய்யத் தகும், எது தகாது என்று எல்லை வகுக்கிறது. கண்ணாற் காணாத துணிக்கு இவ்வளவேனும் கணக்குச் சொல்ல முடிவதை நான் மிகப் பெரிய காரியமாகக் கருதுகிறேன்.

கிரீட்டிலே வழங்கிய மெல்லிய வட்டக் குண்டுகள், பிற்காலத்தில் தேரா தீவின் அக்ரோதிரியிலும் ஆசியா மைனர் கரையிலுள்ள மிலேட்டஸிலும் காணப்படுகின்றன. துணி மாத்திரம் கப்பலேறிச் சென்றிருந்தால் குண்டுகளுக்கு அங்கே வேலையில்லை. அவற்றிற் பல அவ்வவ்வூர்க் களிமண்ணாலேயே செய்யப்பட்டிருத்தலின், கிரீட்டு முறையில் நெய்யத் தெரிந்தவர்களே, அவருள்ளும் பெரும்பாலும் பெண்களே, கடல் கடந்து குடியேறி அத்தொழிலைப் பிறர்க்கும் கற்பித்திருக்க வேண்டுமென்பது ஆராய்ச்சியாளர் சிலரின் அபிப்பிராயம்.