நூறு ரூபாய்... மூணு வேளை... ஆரணி!

மாசம் 25 தேதி தாண்டியாச்சா? அக்கவுன்ட்ல பேலன்ஸ் பார்க்கவே பயமா இருக்கா? கவலைய விடுங்க பாஸ்! பாக்கெட்ல ஒரே ஒரு நூறு ரூபாய் நோட்டு இருந்தா போதும், ஆரணியில மூணு வேளையும் வயிறு நிறைய சாப்பிட்டுடலாம்.

ஆரணின்னதும் எல்லாருக்கும் பட்டுப்புடவைதான் ஞாபகத்துக்கு வரும். கல்யாண சீஸன்ல வந்து ஆயிரக்கணக்குல செலவு பண்ணிட்டுப் போவாங்க. ஆனா, அந்தப் புடவையை நெய்யறவங்களும், அரிசி மில்லுல மூட்டை தூக்கறவங்களும் அன்னாடம் டீ குடிச்சு, டிபன் சாப்பிடற ஊரும் இதுதான். அவங்க பாக்கெட்டுக்குத் தகுந்த மாதிரி கடைகளும் இருக்கு. அதனால முதல் ஃபார்முலாவை நோட் பண்ணிக்கோங்க... கடைக்கு வெளியே மாட்டியிருக்கற போர்டைப் பார்க்காதீங்க, உள்ளே யார் சாப்பிடறாங்கனு பாருங்க!

விடியற்காலை டீ!

நாம எட்டு மணிக்கு அலாரத்தை அணைச்சுட்டுத் திரும்பிப் படுக்கற ஜாதி. நெசவுக்காரத் தெரு அப்படி இல்லை. பட்டுப் பாவை நீளமாத் தெருவுல இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, இழை இழையா சரிபண்ற வேலையை வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சாகணும். அதுக்கு நாலைஞ்சு பேராவது வேணும். அத்தனை பேருக்கும் முதல்ல வேணுங்கறது டீ! அதனால நெசவாளர் தெருக்கள் பக்கம் விடியறதுக்கு முன்னாடியே பாய்லர்ல தண்ணி கொதிக்கும்.

செமஸ்டர் டைம்ல ராத்திரி முழுக்கக் கண்முழிச்சுப் படிக்கறவங்களா நீங்க? அப்போ இந்த டீக்கடைதான் உங்க லைப்ரரி கேன்டீன். கிளாஸ் டீ 12 ரூபாய்னு வெச்சுக்குவோம், கடைக்குக் கடை கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஆக மொத்தம் 24 ரூபாய்.

ஒரு ரூபாய் இட்லி, ஓரவஞ்சனை வேணாம்!

'அம்மா உணவகமா? அங்கெல்லாம் போய் எப்படிடா சாப்பிடறது?'னு மூஞ்சியைச் சுளிக்கிற ஆளா நீங்க? லாஸ் உங்களுக்குத்தான். 2013 பிப்ரவரியில சென்னையில ஆரம்பிச்ச திட்டம் இது. அப்புறம் மத்த மாநகராட்சி, நகராட்சிகளுக்கும் வந்துச்சு. இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். ஆரம்பத்துல வெச்ச அதே விலைதான். மகளிர் சுய உதவிக் குழு அக்காக்கள்தான் சமைச்சுப் பரிமாறுறாங்க.

காலையில 5 இட்லி 5 ரூபாய். மதியம் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் சேர்த்து 8 ரூபாய். ரெண்டு டீயையும் கூட்டினா 37 ரூபாய். கையில இன்னும் 63 ரூபாய் இருக்கு சார்! ஒரே ஒரு கண்டிஷன்... லேட்டாப் போனா தீர்ந்துடும். அட்டெண்டன்ஸுக்கு ஓடுற மாதிரி கரெக்ட் டைமுக்கு ஓடணும்.

ராத்திரிக்கு இருக்கவே இருக்கு தள்ளுவண்டி டிபன் கடை. ஆவி பறக்கற இட்லி, கல்தோசை, ரெண்டு வகை சட்னினு மிச்சக் காசுக்குள்ளேயே முடிச்சுடலாம். ஓட்டல்ல மீல்ஸ்தான் வேணும்னா, முதல்ல 'அளவு சாப்பாடு' இருக்கானு கேளுங்க. ரெண்டு கரண்டி சாதத்தோட எழுந்திருக்கற பார்ட்டிங்க எதுக்கு அன்லிமிடெட் மீல்ஸுக்குக் காசு கொடுக்கணும்?

குஸ்கா இருக்க பயமேன்!

ஆற்காடு, ஆம்பூர்னு சுத்துவட்டாரம் முழுக்க பிரியாணி மணக்கற ஏரியா இது. சீரகச் சம்பா, கத்திரிக்காய்த் தொக்கு, வெங்காயப் பச்சடினு ஒரு ஃபுல் பிளேட் சாப்பிட ஆசைதான். ஆனா, பர்ஸ் 'ஆளை விடு சாமி'ங்குது. அப்போ கேட்க வேண்டிய வார்த்தை 'குஸ்கா'. அதே அண்டா, அதே மசாலா, அதே அரிசி. கறித்துண்டு மட்டும் இருக்காது. விலையும் பிரியாணியை விடக் கம்மி. நாலு பேராப் போனா மூணு குஸ்கா, ஒரு பிரியாணி வாங்கிப் பங்கு போட்டுக்கோங்க. பீஸ் யாருக்குங்கறதுல நட்பு உடைஞ்சா கம்பெனி பொறுப்பாகாது!

பில்லு வந்ததும் ஒரு தடவை படிச்சுப் பாருங்க. 2017 நவம்பர் 15-லேர்ந்து சாதாரண ஓட்டல்கள்ல ஏ.சி. ரூம், ஏ.சி. இல்லாத ரூம் எல்லாத்துக்கும் ஒரே 5 சதவிகித ஜி.எஸ்.டி.தான். காம்போசிஷன் திட்டத்துல இருக்கற சின்ன ஓட்டல்கள் உங்ககிட்ட வரின்னு தனியா வாங்கவே கூடாது. தெரிஞ்சு வெச்சுக்கிட்டா பஸ் காசாவது மிஞ்சும்.

ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி!

இது வரைக்கும் ஜாலியாப் பேசிட்டோம். இனிமே கொஞ்சம் சீரியஸ். பாலத்தோட டிசைன்ல எதைக் குறைச்சாலும் ஃபேக்டர் ஆஃப் சேஃப்டியில மட்டும் கை வைக்கக் கூடாதுனு நமக்குச் சொல்லித் தர்றாங்க இல்லையா? சாப்பாட்டுக்கும் அதேதான். 2021 செப்டம்பர்ல இதே ஆரணியில, ஒரு அசைவ ஓட்டல்ல சாப்பிட்ட பல பேர் வாந்தி, பேதினு ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. 10 வயசுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனா. அது தள்ளுவண்டிக் கடை இல்லை, குடும்பத்தோட உட்கார்ந்து சாப்பிடற ஓட்டல். விலை ஜாஸ்தியா இருந்தா சுத்தமா இருக்கும், விலை கம்மியா இருந்தா அழுக்கா இருக்கும்கற கணக்கு இங்கே செல்லாது.

அப்போ எதைப் பார்க்கணும்? சூட்டைப் பாருங்க! 5 டிகிரியிலேர்ந்து 60 டிகிரி செல்ஷியஸ் வரைக்கும் இருக்கற சூடுதான் கிருமிகளுக்கு ஜாலி டைம். கண் முன்னாடி வேகற இட்லியிலயும், கொதிக்கற சாம்பார்லயும் பிரச்னை கம்மி. மதியம் சமைச்சு, ஆறிப்போய், ராத்திரி வரைக்கும் தட்டுல கிடக்கற சிக்கன்தான் வில்லன். தந்தூரியை வாங்கினதும் எலும்பு ஓரமாப் பிய்ச்சுப் பாருங்க. உள்ளே ரோஸ் கலர்ல இருந்தா வெட்கப்படாம திருப்பிக் கொடுங்க. பச்சை முட்டையில செய்யற மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8-லேர்ந்து ஒரு வருஷத்துக்குத் தடை போட்டதே கெட்டுப்போற பயத்தாலதான்.

பஜ்ஜிக் கடையில எண்ணெய் கறுத்துப்போய், நுரை கட்டி, புகை விட்டுக்கிட்டு இருக்கா? அப்படியே நடையைக் கட்டுங்க. நியூஸ் பேப்பர்ல வெச்சுத் தந்தா, 'வாழை இலையில குடுங்கண்ணே'ன்னு கேளுங்க. மை உங்க வயித்துக்குள்ள போக வேணாம். நிஜமாவே மோசமான கடைனா உணவுப் பாதுகாப்புத் துறையோட 94440 42322 வாட்ஸ்அப் நம்பருக்கு போட்டோவோட புகார் அனுப்பலாம்.

பெஞ்ச் யாருக்கு?

இப்போ ஒரு சின்ன டெஸ்ட். மேலே சொன்ன நூறு ரூபாய் கணக்கை ஒரு பொண்ணு போட்டா விடை அதேதான் வருமா? விடியற்காலை டீக்கடை பெஞ்ச்ல எத்தனை பொண்ணுங்க உட்கார்ந்து பார்த்திருக்கீங்க? ராத்திரி ஒன்பது மணிக்கு வண்டிக்கடையில நின்னு சாப்பிட்டு? கூடப் படிக்கிற தோழிகளைக் கேட்டா எல்லாரும் ஒண்ணையேதான் சொல்றாங்க. ஒண்ணு, பார்சல். இல்லைனா, பேக்கரி. பையன் 12 ரூபாய்ல முடிக்கிற டீயை அவங்க பஃப்ஸ், கூல்டிரிங்ஸ்னு நாலு மடங்கு கொடுத்து முடிக்கிறாங்க. அதுவும் எட்டு மணிக்குள்ள ஹாஸ்டலுக்குத் திரும்பணும். ஒரே ஊர், ஒரே நோட்டு. அதோட மதிப்பு மட்டும் ஆளுக்கு ஆள் மாறுது!

இதுக்கு டீக்கடை அண்ணனைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. பெஞ்சை ஃபுல்லா ஆக்கிரமிச்சுக்கிட்டு, ஒரு டீக்கு ஒரு மணி நேரம் மொபைல் நோண்டறது யாரு? அந்தப் பக்கம் வர்ற பொண்ணை உத்து உத்துப் பார்க்கறது யாரு? நம்ம கேங்தான்! பசங்களா, நாலு பேர் தள்ளி உட்காருங்க. தோழிகளே, நாலு பேராச் சேர்ந்து போய் உட்காருங்க. அம்மா உணவகத்துல ஆம்பளை, பொம்பளைனு பார்க்காம எல்லாரும் பக்கத்துல பக்கத்துல நின்னு சாப்பிடறாங்களே, அது டீக்கடையில மட்டும் ஏன் நடக்காது?

கடைசியா ஒரு பில்!

நமக்குச் சல்லிசாக் கிடைக்குதுனா, அங்கே யாரோ கஷ்டப்பட்டுச் சமாளிக்கறாங்கனு அர்த்தம். கடைக்காரர் வாங்கற 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டரோட விலை மாசா மாசம் மாறும். நம்ம வீட்டு சிலிண்டர் விலைக்கு அது கிடைக்காது. ஆனா, இட்லி விலையை மாசா மாசம் ஏத்தினா நாம விடுவோமா? அதனால அவருக்கு நம்மால முடிஞ்சது மூணு. அக்கவுன்ட்ல சாப்பிட்டா அந்தந்த மாசமே செட்டில் பண்ணுங்க. தறியில புடவை முடிஞ்சு கூலி கைக்கு வந்ததும் நெசவாளிங்க கடன் நோட்டுல தங்கள் பேரை அடிக்கச் சொல்றாங்க, நாம டி.சி. வாங்கிட்டு எஸ்கேப் ஆகக் கூடாது! பார்சலுக்கு தூக்கோ டப்பாவோ கொண்டு போங்க. 2019 ஜனவரி 1-லேர்ந்து ஒருமுறை பயன்படுத்தற பிளாஸ்டிக்குக்குத் தடை, சுடச்சுட சாம்பாரைக் கவர்ல ஊத்தறது உங்களுக்கும் நல்லதில்லை. மூணாவது, சில்லறையா கொண்டு போங்க. காலங்காத்தால 500 ரூபாயை நீட்டினா அஞ்சு இட்லி கூட ஆறிடும் பாஸ்!