உங்களுக்குத் தெரியுமா? கூலியோடு தள்ளிவிட்ட இறைச்சி

இரும்புத் தட்டில் 'சொய்ங்' என்று ஆவி பறக்க மேசைக்கு வரும் ஃபஹீட்டா என்ற இறைச்சி உணவு, ஒரு காலத்தில் கூலியாட்களுக்குத் தள்ளிவிடப்பட்ட இறைச்சி! தெற்கு டெக்சஸ் பண்ணைகளில் மாடு அறுத்தால் நல்ல துண்டுகள் முதலாளிக்கு. தலை, குடல், உதரவிதானத் தசை எல்லாம் மெக்சிகோ வம்சாவளி மாட்டுக்காரர்களுக்கு. அந்தத் தசை ரப்பர் மாதிரி இழுக்கும். எலுமிச்சைச் சாறு, பூண்டு, மிளகாயில் ஊறவைத்து, தணலில் வாட்டி, நாருக்குக் குறுக்கே மெல்லிசாக நறுக்கினால் பல்லுக்கு இதம். (சூட்சுமம் ஊறலில் பாதி, கத்தியில் பாதி.) 1969இல் டெக்சஸின் கைல் என்ற சிற்றூரின் திருவிழாவில் சன்னி ஃபால்கன் என்பவர் கடை போட்டு இதை விற்றார். 1973இல் ஹூஸ்டனில் நின்ஃபா லாரென்சோ என்ற பெண்மணி தன் உணவகத்தில் இதைப் பரிமாறினார். பெயர் பரவியதும், சீந்துவாரில்லாமல் கிடந்த அந்தத் தசையின் விலை எகிறிவிட்டது.