ஒன்று வாங்கும், ஒன்று ஒளிரும்

எங்கள் சி ரூசா கடற்கரையில் நின்றால் மலாக்கா நீரிணை தெரியும். அதன் அடியில் கிடக்கும் கேபிள்கள் தெரியாது. அவற்றில் ஒன்று 2005இல் முடிந்த சீ-மீ-வீ 4. சிங்கப்பூரிலிருந்து மலாக்கா, சென்னை, கொழும்பு என்று கரையேறி, பிரான்சின் மார்செய் வரை போகிறது. தோட்டத்து வீட்டில் இருக்கும் பாட்டி, சென்னையில் படிக்கும் பேத்தியைக் கைப்பேசியில் பார்த்துப் பேசுவது இப்படிப்பட்ட கேபிள்களின் கண்ணாடி இழைகள் வழியாகத்தான்.

இழையில் ஓடும் ஒளி போகப் போக மங்கும். மிகத் தூய கண்ணாடியிலும் 100 கிலோமீட்டருக்குப் பிறகு நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். முன்பெல்லாம் அதை மின்சாரமாக மாற்றி, பெருக்கி, மறுபடி ஒளியாக்கினார்கள். 1987இல் இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்ன் குழுவினர் சுலபமான வழி காட்டினார்கள். சில மீட்டர் இழையில் எர்பியம் என்ற உலோகத்தைக் கொஞ்சம் கலந்து, லேசரால் ஆற்றல் ஊட்டினால், மங்கி வரும் ஒளியோடு எர்பியம் தன் ஒளியையும் சேர்த்து அனுப்பும். அதன் அலைநீளம் சுமார் 1,550 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு அது. கண்ணாடி மிகத் தெளிவாக வழிவிடுவதும் அந்த அலைநீளத்தில்தான்.

ஆனால் எர்பியத்துக்கு ஒரு குறை. ஒளியைக் கொடுக்கத் தெரியும், வாங்குவதில் மந்தம். அதனால் அதிக ஆற்றல் வேண்டிய பெருக்கிகளில் இட்டெர்பியத்தையும் சேர்க்கிறார்கள். இட்டெர்பியம் லேசர் ஒளியை நன்றாக உறிஞ்சி, அந்த ஆற்றலைப் பக்கத்திலுள்ள எர்பியத்துக்குக் கைமாற்றிவிடும்.

இதையே வேதியியலாளர்கள் ஒரே மூலக்கூறுக்குள் செய்கிறார்கள். ருத்தீனியம் அல்லது பிளாட்டினம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை வாங்கும். அதோடு பிணைந்த நியோடைமியமோ இட்டெர்பியமோ அகச்சிவப்பில் ஒளிரும். வாங்கும் பகுதிக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஆண்டெனா'. வானொலியில் வேலை செய்யும் எனக்கு அந்தப் பெயரே போதும், விஷயம் புரிந்துவிட்டது. அகச்சிவப்பு ஒளி உடல் திசுக்களில் ஆழமாகப் போகும் என்பதால் மருத்துவ ஆய்வாளர்களுக்கும் இதில் ஆர்வம். ஆனால் அருகில் தண்ணீர் மூலக்கூறு இருந்தால் ஆற்றலைத் தட்டிப் பறித்துவிடும். அதைத் தடுப்பதுதான் பெரும்பாடு.

இந்த அரிய மண் உலோகங்கள் நமக்குப் புதியவை அல்ல. நம் ஈயச் சுரங்கங்கள் ஒதுக்கித் தள்ளிய 'அமாங்' மணலிலேயே எர்பியமும் இட்டெர்பியமும் உண்டு. கூடவே கதிரியக்கத் தோரியமும் உண்டு. ஈப்போ அருகே புக்கிட் மேராவில் அரிய மண் ஆலை 1982இல் இயங்கத் தொடங்கியது. அதன் கழிவுக்கு எதிராக மக்கள் நீதிமன்றம் போனார்கள். 1992இல் உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு மாறினாலும், 1994இல் ஆலை மூடப்பட்டது. 2012 முதல் குவாந்தான் அருகே கெபெங்கில் இன்னோர் ஆலை இயங்குகிறது. கழிவை என்ன செய்வது என்ற கேள்வி அங்கேயும் தொடர்ந்தது.

நான்காம் படிவத்தில் வேதியியல் எடுக்கலாமா என்று தயங்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இதைச் சொல்லுங்கள். பாட்டியின் முகத்தைச் சென்னைக்குக் கொண்டுபோகும் உலோகத்தைப் புரிந்துகொள்ள ஆள் வேண்டும். அதைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் மண்ணுக்குப் பதில் சொல்லவும் ஆள் வேண்டும்.