காவலுக்கு வந்தவனே கவிழ்த்தான்! நீலத்திரை காட்டிப் படுத்த கம்ப்யூட்டர்கள்

சென்னை தேனாம்பேட்டையைத் தாண்டினால் நந்தனம். அங்குள்ள அரசு நிறுவனமான "எல்காட்" 2007-வாக்கில் விண்டோசுக்கு டாட்டா காட்டிவிட்டு லினக்சுக்கு மாறியது. வைரஸ் தொல்லை ஒரு பக்கம், லைசென்ஸ் செலவு மறுபக்கம். அப்போது நிர்வாக இயக்குனர் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். இலவசமாகக் கிடைப்பது உழைக்குமா என்று உதட்டைப் பிதுக்கியவர்களும் உண்டு.

2024 ஜூலை 19-ந்தேதி நடந்ததைப் பாருங்கள். வைரசைத் தடுக்கும் "கிரவுட்ஸ்டிரைக்" கம்பெனி அனுப்பிய ஒரே ஒரு கோளாறு பைல்! உலகம் பூரா 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டிப் படுத்துவிட்டன. சென்னை விமான நிலையத்தில் போர்டிங் பாசைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்.

லினக்சும் மேக்கும் அன்று தப்பின. அதற்காக விண்டோசை மட்டும் திட்டுவது நியாயமில்லை. பைல் வெளியாள் அனுப்பியது.

படுத்ததை எழுப்பத்தான் பெரும்பாடு. பல இடங்களில் ஒவ்வொரு கம்ப்யூட்டர் முன்னாலும் ஆள் உட்கார்ந்து, அந்த பைலைக் கையால் அழிக்க வேண்டியதாயிற்று.