செல்போன் காட்டும் நம்பர் உங்களுடையதுதானா?

கவரைப்பேட்டை சகோதரிகளே, கணவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்ட் போய்விட்டால், குழந்தை விஷயத்துக்கெல்லாம் செல்போன்தானே துணை? பிக்மி பதிவுக்கும் பாங்க்குக்கும் நம்பர் கேட்டால், செட்டிங்ஸில் பார்த்து அப்படியே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்! தப்பானால் ஓ.டி.பி. வேறு வீட்டுக்குப் போய்விடும்.

அங்கே தெரிவது சிம் கார்டில் எழுதி வைத்த வெறும் குறிப்பு. கம்பெனி தன் கணக்கில் பதிந்திருப்பதே உண்மையான நம்பர். 2018-ல் ஏர்செல் நின்றபோது செய்ததுபோல், கம்பெனி மாறிப் புது சிம் வாங்கினால் குறிப்பு தப்பாக இருக்கலாம்.

சோதிப்பது சுலபம். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள்; அதில் விழுவதே உங்கள் நம்பர். ஐபோனானால் செட்டிங்ஸில் போன் பகுதிக்குள் ‘மை நம்பர்’ என்ற இடத்தில் திருத்தலாம். சில ஆண்ட்ராய்டு போன்களில் சிம் பகுதியிலேயே திருத்த வழி உண்டு. இல்லையா? கவலை வேண்டாம், பேசுவதற்கு அது தடையே இல்லை. மிஸ்டு காலிலேயே வேறு நம்பர் விழுந்தால் மட்டும் ஆதார் அட்டையோடு கம்பெனி கடைக்குப் போய்க் கேளுங்கள்.